மாக்கோழியும் தாவர ஊனும்

செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்னும் ஆராய்ச்சி இல்லறத்தார்க்கு நாள்தோறும் நேர்வது. துறவறத்தார்க்கு ஆகமம் வகுத்த நெறி தெளிவாக உள்ளது. அவர்கள் அதனின்று இம்மியும் பிறழார். இல்லறத்தாரோ காலமும் இடமும் மாறுந்தோறும் புதிய ஐயங்களை எதிர்கொள்ள வேண்டியவராகின்றனர். நம் பெற்றோர் காலத்தில், பிறர் வீட்டு நீரை வடிகட்டாமல் பருகலாமா, பிரயாணத்தின்போது ஓட்டல் சிற்றுண்டியை ஏற்கலாமா என்பன போன்ற ஐயங்கள் எழுந்தன. கடல் கடந்து வாழும் நம் மக்கட்கும் பேரப்பிள்ளைகட்கும் இன்று வேறோர் ஐயம் எழுந்துள்ளது. ஊன் இல்லாத ஊனை உண்ணலாமா என்பதே அது.

கேட்ட அளவில் இது விடுகதைபோல் தோன்றும். ஆயினும், இதனுள் நம் அறத்தின் அடிப்படையே அடங்கியிருக்கின்றது. கொல்லாமை என்பது கையின் செயலைப் பற்றியதா, நாவின் சுவையைப் பற்றியதா, நெஞ்சின் எண்ணத்தைப் பற்றியதா என்னும் வினாவை இது நம்முன் நிறுத்துகின்றது. ஆகவே, விளையாட்டாகத் தள்ளிவிடாமல் இதனைச் சற்று ஆராய்வோம்.

பொருள் யாது?

பொருளை அறியாமல் கூறும் தீர்ப்பு தீர்ப்பாகாது. அரைத்த மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டி, நெருப்பில் வாட்டி, இரண்டு ரொட்டித் துண்டுகளின் நடுவே வைத்துத் தருவதே அமெரிக்க நாட்டில் பர்கர் எனப்படுவது. இந்த இறைச்சி வட்டிற்கு மாற்றாகத் தாவரப் பொருள்களைக் கொண்டு, நிறம், மணம், மென்மை ஆகியவற்றில் இறைச்சியையே ஒக்குமாறு செய்யும் முயற்சி அங்கே பெருகியுள்ளது. 2009-ஆம் ஆண்டில் தோன்றிய பியாண்ட் மீட் என்னும் நிறுவனம் பட்டாணிப் புரதத்தைக் கொண்டு இதனைச் செய்தது. செந்நிறத்திற்குப் பீட்ரூட் சாற்றைச் சேர்த்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த பாட்ரிக் பிரவுன் 2011-இல் இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் பர்கர் 2016-இல் வெளிவந்தது. 2019-இல் திருத்தியமைத்த வடிவில் சோயாப் புரதம், தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், சிறிதளவு உருளைக்கிழங்குப் புரதம் ஆகியவை சேர்ந்திருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பர்கர் கிங் என்னும் உணவகத்தார் அமெரிக்கா முழுவதும் உள்ள தம் கடைகளில் அதனை விற்கத் தொடங்கினர்.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீம் என்னும் இரும்புச் சேர்மம். அச்சேர்மத்தைக் கொண்ட லெக்ஹீமோகுளோபின் என்னும் புரதம் சோயாச் செடியின் வேர்முடிச்சுகளில் இயல்பாகவே உள்ளது. மரபணு மாற்றிய ஈஸ்ட்டைப் பெருந்தொட்டிகளில் வளர்த்து, அப்புரதத்தை மிகுதியாக உண்டாக்கி, இப்பண்டத்தில் கலக்கின்றனர். ஊனுக்குரிய மணமும் நிறமும் இதனாலேயே வருகின்றன. இப்பண்டத்தைச் செய்தோர், தாம் இதனைச் செய்தது மரக்கறி உண்போர்க்காக அன்று, ஊன் உண்போர்க்காகவே என்று பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளனர். இக்கூற்றை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

யசோதரன் தரும் எச்சரிக்கை

தாவரத்தால் ஆயது என்னும்போது இதில் தடை என்ன என்று இளைஞர்கள் கேட்பர். தடை உண்டு என்போர்க்கு நம் தமிழிலேயே வலுவான சான்று இருக்கின்றது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அவந்தி நாட்டு மன்னன் யசோதரன், தீய கனவின் பயன் நீங்கத் தேவிக்கு உயிர்ப்பலி இடுமாறு தன் தாய் சந்திரமதியால் வற்புறுத்தப்படுகின்றான். உயிர்க்கொலைக்கு அவன் மனம் இசையவில்லை. தாயின் சொல்லைத் தட்டவும் இயலவில்லை. ஈற்றில் இருவரும் ஓர் உடன்பாட்டிற்கு வருகின்றனர். மாவினால் கோழி ஒன்று செய்து, அதனை வாளால் வெட்டிப் பலியிடுகின்றனர். அங்கே குருதி இல்லை, உயிர் இல்லை, துன்புற்றது எதுவும் இல்லை. எனினும், அவ்வினையின் பயனாக மன்னனும் தாயும் மயில், நாய், மீன், ஆடு, கோழி முதலிய பிறவிகளில் உழன்று, வெட்டுண்டும் கடியுண்டும் வருந்துகின்றனர். பின்னர் அபயருசி, அபயமதி என்னும் உடன்பிறப்புகளாகத் தோன்றி, தங்களையே பலியிட நின்ற மாரிதத்த மன்னனுக்குத் தம் வரலாற்றைக் கூறி, அவனை நன்னெறிப்படுத்துகின்றனர்.

மாவினாற் செய்த கோழியை வெட்டியதற்கு இத்துணைத் துன்பமா என்று வகுப்பில் மாணவியர் கேட்டதுண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து, 30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்த நாம், இக்கேள்வியை மிகவும் விரும்பி வரவேற்போம். இம்சையைத் திரவிய இம்சை, பாவ இம்சை என நம் ஆசாரியர்கள் இருவகையாகப் பகுத்துள்ளனர். உயிரின் உடலுக்கு ஊறு செய்தல் முன்னது. ஊறு செய்ய நெஞ்சில் கொள்ளும் எண்ணம் பின்னது. யசோதரன் கையால் உயிரைக் கொல்லவில்லை. ஆனால், கொல்லுதல் என்னும் செயலை நெஞ்சால் முழுமையாக நிகழ்த்தினான். மாவு என்பது வெளியில் இருந்த பொருள். கோழி அவன் சங்கற்பத்தில் இருந்தது.

எம் தாயாரும் இக்கதையை வாழ்வில் கடைப்பிடித்தவரே. திருவிழாக் கடைகளில் யானை, கிளி, மான் வடிவில் விற்கும் சர்க்கரை அச்சுகளைப் பிள்ளைகள் கடித்துத் தின்ன அவர் விடமாட்டார். பாலில் கரைத்தே தருவார். காயை 'வெட்டு' என்று சொன்னால் கடிந்துகொள்வார். 'நறுக்கு' என்றே சொல்ல வேண்டும். இத்தகைய மரபில் வளர்ந்தோர்க்கு, ஊனின் நிறமும் மணமும் ஊட்டிய ஒரு பண்டத்தைக் கண்டதும் மாக்கோழியின் நினைவு எழுதல் இயல்பே.

எண்ணத்தின் திசை

ஆயினும், இவ்விரண்டையும் ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டைக் காணாமல் இருத்தல் ஆகாது. மீனவன் நாள் முழுதும் வலைவீசி ஒரு மீனும் பெறாமல் திரும்பினும் இம்சைக்கு உரியவனாகின்றான். உழவன் ஏரோட்டும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மாளினும் அவனுக்கு அத்துணைத் தீவினை இல்லை என்று நம் பெரியோர் எடுத்துக்காட்டுவர். முன்னவன் நாடிச் சென்றது கொலையை. பின்னவன் நாடியது விளைவை. எண்ணத்தின் திசையே வினையின் தன்மையை வகுக்கின்றது என்பது இதன் கருத்து.

இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவோம். யசோதரனின் எண்ணம் கொலையை நோக்கிச் சென்றது. உயிர் கிடைக்காத இடத்தில் மாவை உயிராக்கிக்கொண்டது. நாள்தோறும் மாட்டிறைச்சி உண்ட ஒருவன், ஒருவேளை உணவிற்காகிலும் அதனை விடுத்து இத்தாவரப் பண்டத்தை நாடுவானாயின், அவன் எண்ணம் கொலையினின்று விலகிச் செல்கின்றது. வடிவில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், திசையில் எதிரெதிர் ஆனவை. விற்பவன் இருப்பதற்கு வாங்குபவனே காரணம் என்பதைத் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் நமக்கு உணர்த்துகின்றது. கொன்றவன் வேறு, தின்றவன் வேறு என்னும் வாதத்தைப் பௌத்தரோடு சொற்போரிட்ட நீலகேசியும் ஏற்கவில்லை. வாங்குவோரால் கொலை வளரும் என்பது உண்மையாயின், வாங்காதோரால் அது குறையும் என்பதும் உண்மையாதல் வேண்டும். ஆகவே, ஊனுண்பார் இதனை உண்ணுதலைக் கண்டு நாம் நகைப்பதற்கு ஒன்றுமில்லை; மகிழ்தற்கே இடமுண்டு.

இனி, பிறந்ததுமுதல் ஊனை அறியாத நம் பிள்ளைகளின் நிலை என்ன? உண்மையான சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

நியூ ஜெர்சியில் ஒரு மாலை

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாம் மகள் குடும்பத்தாருடன் நியூ ஜெர்சி மாநிலத்தில் தங்கியிருந்தோம். பேரனுக்கு அப்போது 15 வயது. பள்ளியில் ஓட்டப் பயிற்சி முடிந்ததும் அவனும் நண்பர்களும் அருகிலுள்ள விரைவுணவுக் கடைக்குச் செல்வது வழக்கம். மற்றவர்கள் பர்கர் உண்ண, இவன் ஆரஞ்சுச் சாறு மட்டும் அருந்திவிட்டு வீடு திரும்புவான். ஒருநாள் அவன் நண்பன், ஊனுண்ணும் குடும்பத்துப் பிள்ளை, தனக்கும் தாவரப் பர்கரையே கேட்டு வாங்கினானாம். "நீ தனியாக இருக்க வேண்டாம், நானும் இதையே சாப்பிடுகிறேன்" என்றானாம். இவன் அன்று உண்ணாமல் வந்துவிட்டான். வந்தவன் எம்மிடம், "பாட்டி, அவன் எனக்காகக் கறியை விட்டான். நான் அவனோடு உட்கார்ந்து அதைச் சாப்பிட்டால் பாவமா?" என்று கேட்டான்.

உடனே ஆம் என்றோ அன்று என்றோ கூற நமக்கு மனம் வரவில்லை. மறுநாள் மாலை நாங்கள் அனைவரும் அக்கடைக்குச் சென்றோம். அந்நாட்டில் ஜூன் மாதத்தில் கதிரவன் மறைய இரவு எட்டரை மணி ஆகும். நாங்கள் சென்றது ஏழு மணி; ஆகையால் இரவுண்ணாமைக்குப் பழுதில்லை. சாதுர்மாஸ்யம் தொடங்காத காலம் ஆதலின், கிழங்கு வகைகளைப் பற்றிய எம் நியமத்திற்கும் இடையூறில்லை. இறைச்சி வாட்டும் அதே அடுப்பிலா இதனையும் வாட்டுகின்றீர்கள் என்று மகள் கேட்டார். ஆம் என்று ஒளியாமல் கூறிய பணிப்பெண், வேண்டுமாயின் தனி அடுப்பில் சூடாக்கித் தருவதாகச் சொன்னார். முட்டை சேர்ந்த மயோனைஸும் வெங்காயமும் வேண்டாம் என்று விலக்கினோம். எங்களுடன் வந்திருந்த சம்பந்தி அம்மாள், "பெயரே வேண்டாம், அதன் வாசனையும் வேண்டாம்" என்று கூறிக் கையில் வைத்திருந்த வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்.

நாம் ஒரு சிறு துண்டை எடுத்து உண்டோம். நடுவில் தெரிந்த செந்நிறம் கையைச் சற்றுத் தயங்க வைத்தது. உப்பும் எண்ணெய்ப் பசையும் புகை நாற்றமும், வேகவைத்த சோயாவின் மென்மையும் நாவில் தெரிந்தன. "கறி மாதிரி இருக்கிறதா பாட்டி?" என்று பேரன் ஆவலோடு கேட்டான். "எனக்கு எப்படித் தெரியும் கண்ணா? கறி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதே" என்றோம். அனைவரும் நகைத்தனர். ஆயினும், சொன்ன பின்னரே அச்சொல்லின் பொருள் நமக்கு விளங்கிற்று. ஒப்புமை என்பது முன்பு அறிந்ததை வைத்தே தோன்றும். ஊனை அறியாத நாவிற்கு இப்பண்டம் ஊனை நினைவூட்ட இயலாது. அதற்கு இது மற்றுமொரு புதிய பண்டமே. ஊன் இருந்தது அதன் பெயரில். அதனைக் குறித்து நாம் கொண்ட எண்ணத்தில்.

படியும் வேலியும்

அவ்வாறாயின் தீங்கில்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரமே. படிக்கட்டு ஒன்றுதான், ஆனால் மேலே நிற்பவன் அதன் வழியே கீழே இறங்குகின்றான், கீழே நிற்பவன் அதே படிகளால் மேலே ஏறுகின்றான். ஊனுண்பார் கொலையினின்று இறங்குதற்கென்றே இப்பண்டத்தைச் செய்ததாக அதனைச் செய்தோரே கூறினர் என்பதை முன்னர்க் கண்டோம். அவர்கட்கு இது இறங்கும் படி. ஊனை அறியாத நம் பிள்ளைகட்கு, அதன் மணத்தையும் நிறத்தையும் மென்மையையும் நாவிற்குப் பழக்கி வைக்கும் ஏறும் படியாகவும் இது ஆதல் கூடும். இன்று புதியதாகத் தோன்றும் மணம், நூறுமுறை உண்டபின் பழகிய மணமாகிவிடும். பின்னொருநாள் உண்மையான ஊன் எதிர்ப்படும்போது, அருவருப்பு என்னும் வேலி அங்கே இராது.

இவ்விடத்தில் நாம் நெடுநேரம் சிந்தித்தோம். அருவருப்பு நல்ல வேலிதான், ஐயமில்லை. எம் தலைமுறையில் பலரைக் காத்தது அதுவே. இறைச்சிக் கடை இருக்கும் தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த நமக்கு, புலால் மறுத்தல் ஒரு முயற்சியாகவே இருந்ததில்லை. ஆனால், மூக்கைப் பொத்தியது ஆட்டின் மீது கொண்ட இரக்கத்தாலா, நாற்றத்தின் மீது கொண்ட வெறுப்பாலா? நாற்றம் மட்டுமே காரணமாயின், நாற்றம் இல்லாமல், அழகிய தாளில் சுற்றி, நறுமணப் பொருள்கள் தூவித் தரும் இடத்தில் அவ்வேலி தானே சரிந்துவிடும். அயல்நாட்டிலும் பெருநகரங்களிலும் நம் இளைஞர் சிலர் வழுவியது இவ்வாறே அன்றோ? அவர்கட்கு நாம் வெறுப்பைக் கற்பித்தோம். அதன் பின்னே நிற்க வேண்டிய ஜீவதயையை அதே அளவிற்குக் கற்பித்தோமா என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம். வேலி பயிரைக் காக்கும்; ஆனால் வேலி பயிராகாது. ஜீவதயையே பயிர்.

ஆகவே, பேரனுக்கு நாம் கூறியது இதுதான்: "உன் நண்பன் உன்பொருட்டு ஒருவேளை ஊனை விட்டான். அவன் அறிந்தோ அறியாமலோ ஓர் உயிரின் பக்கம் ஓர் அடி வந்தான். அவனை முகம் சுளித்து அனுப்புவது அறமாகாது. அவனோடு உட்கார்ந்து உண்பாயானால், உண்ணும்போது உன் நெஞ்சு எதை நாடுகின்றது என்பதைப் பார்த்துக்கொள். நட்பை நாடினால் தடையில்லை. 'உண்மையான கறி இன்னும் எப்படி இருக்குமோ' என்று நாடத் தொடங்கினால், அன்றே நிறுத்திவிடு. அதை வேறு யாரும் பார்க்க முடியாது. நீதான் பார்க்க முடியும்."

அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாதம் ஒருமுறை நண்பனோடு மட்டும் உண்பதாகவும், வீட்டிற்கு வாங்கி வருவதில்லை என்றும் தானே ஒரு நியமம் செய்துகொண்டான். பிறர் விதித்த நியமத்தினும் தானே ஆராய்ந்து ஏற்ற நியமம் நிலைத்து நிற்கும் என்பது ஆசிரியத் தொழிலில் நாம் கண்ட அனுபவம்.

கேட்டறிய வேண்டியவை

எண்ணம் தூயதாயின் போதும், பொருளை ஆராய வேண்டா என்று கருதுதலும் நம் நெறி அன்று. ஆல், அரசு, அத்தி முதலிய ஐந்து பால்மரக் கனிகளை நம் முன்னோர் விலக்கியது, அவற்றினுள் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் இருப்பதை ஆராய்ந்தே அன்றோ? அக்கனிகள் தாவரமே, எனினும் விலக்கினர். 'தாவரம்' என்னும் பெயர்ப்பலகையைக் கண்ட அளவில் அவர்கள் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ளவில்லை. நாமும் நிறுத்துதல் ஆகாது.

முதலாவது, அடுப்பு. இறைச்சி வாட்டும் அடுப்பிலேயே தாவரப் பர்கரையும் வாட்டியதற்காகப் பர்கர் கிங் நிறுவனத்தின்மீது 2019 நவம்பரில் புளோரிடாவில் வழக்குத் தொடரப்பட்டது. தனி அடுப்பில் சமைப்பதாக நிறுவனம் வாக்களிக்கவில்லை, கேட்டால் வேறு முறையில் சமைத்துத் தரும் என்னும் நிலையில், 2020-இல் அவ்வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. சட்டம் நமக்குக் கூறுவது தெளிவு: கேட்க வேண்டியவர் உண்பவரே.

இரண்டாவது, மறைந்திருக்கும் கலப்பு. மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தார் உருளைக்கிழங்கு வறுவலைத் தாவர எண்ணெயில் பொரிப்பதாக 1990-இல் அறிவித்தனர். அமெரிக்காவில் விற்ற அவ்வறுவலில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டி சேர்ந்திருந்தமை 2001-இல் வெளிப்பட்டது. மரக்கறியாளர் பலர் வழக்கிட, 2002-இல் நிறுவனத்தார் மன்னிப்புக் கோரி, 1 கோடி டாலர் வழங்க உடன்பட்டனர். இந்தியாவில் அந்நிறுவனம் 1996-இல் கடை திறந்தபோது மரக்கறிக்கெனத் தனிச் சமையற்பகுதி அமைத்தது. 2001 முதல் நம் நாட்டில் உறையிட்ட உணவுகட்குப் பச்சைப் புள்ளி அடையாளமும் வந்தது. கேட்போர் இருந்தமையாலேயே இவை வந்தன. ஆயினும், பச்சைப் புள்ளி இட்ட பண்டத்தில் தேனும் கிழங்கும் இருத்தல் கூடும் என்பதை நம்மவர் மறத்தலாகாது.

மூன்றாவது, நம் நெஞ்சை உறுத்துவது. லெக்ஹீமோகுளோபின் உணவிற்கு ஏற்றதே என்று காட்டுதற்பொருட்டு, இம்பாசிபிள் நிறுவனத்தார் அதனை எலிகளுக்கு ஊட்டிச் சோதனை செய்தனர், அவ்வெலிகள் கொல்லப்பட்டன. நிறுவனத் தலைவரே 2017-இல் இதனை மறைக்காமல் எழுதி, தமக்கு அது பெருந்துயர் தந்த முடிவு என்றார். கோடிக்கணக்கான மாடுகளைக் காக்கச் சில எலிகள் மாண்டன என்று சிலர் கணக்குக் கூறுவர். நம் அறம் உயிர்களைத் தராசில் இட்டு நிறுப்பதன்று. எலியும் ஐயறிவுயிரே. ஆகலின், இவ்வகையையே விலக்கி, இத்தகைய சோதனைக்கு இடமில்லாத எளிய பருப்பு, காய் வகைகளால் ஆகிய பர்கரை நாடுவோர் உளராயின், அவர்கள் செய்வதே மேலானது. இச்செய்தியைப் பேரனுக்கும் பின்னர்க் கூறினோம். அவனும் நண்பனும் அதன்பின் பயற்றால் ஆகிய பர்கர் தரும் கடையொன்றைத் தேடிக் கண்டனர்.

நம் ஊர் நிலை

இஃது அமெரிக்காவிற்கு மட்டும் உரிய செய்தி என்று இங்குள்ளோர் எண்ண வேண்டா. நம் திருமண விருந்துகளில் மீல் மேக்கர் குருமா இடம்பெற்றுப் பல ஆண்டுகள் ஆயின. அது எண்ணெய் எடுத்த சோயா மாவினால் ஆயது, பொருளில் குற்றமில்லை. ஆனால், சமையற்காரர் அதனைப் பரிமாறும்போது "மட்டன் மாதிரியே இருக்கும்" என்று பெருமையாகக் கூறுவதையும், கேட்போர் புன்னகையோடு ஏற்பதையும் கண்டிருக்கின்றோம். சைவ மீன் குழம்பு, சைவ ஈரல் என்னும் பெயர்களில் பண்டங்கள் விற்கும் உணவகங்களும் உள்ளன. நண்பனுக்காக உண்ட சிறுவனைவிட, பெயருக்காக மகிழும் நம் பந்தியே மாக்கோழிக்கு அருகில் நிற்கின்றது என்று கூறினால் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். சோயாவைச் சோயா என்றும் வாழைக்காயை வாழைக்காய் என்றும் அழைத்து உண்பதில் நமக்கு என்ன குறை?

நம் பாட்டியர் பேச்சில் 'கறி' என்றால் காயால் செய்த பண்டம் என்றே பொருள். காய்கறி என்னும் தொடரில் அப்பொருள் இன்றும் வாழ்கின்றது. 'கறி' என்றால் ஊன் என்று பொருள்படும் நிலைக்கு இன்று வழக்கு மாறிவிட்டது. சொல்லை இழந்தோம், எண்ணத்தையும் இழவாதிருப்போமாக.

முடிவாக

அநேகாந்தம் போற்றும் நாம், ஒரே பொருளை நிற்குமிடம் நோக்கி மதிப்பிடக் கடமைப்பட்டவர்கள். விரதியர்க்கு இப்பண்டம் வேண்டப்படுவதன்று. அவர்கள் நாவின் விருப்பத்தையே வெல்ல முயல்பவர்கள். பெயரும் மணமும் வேண்டாம் என்று ஒதுங்கிய சம்பந்தி அம்மாளின் நிலை போற்றுதற்குரியது. அவர் நெஞ்சில் மாக்கோழியின் எச்சரிக்கை உயிருடன் உள்ளது. ஊனுண்பார்க்கு இது கொலையினின்று இறங்கும் படி; அவர்களை ஊக்குதல் நம் கடன். நம் இளைஞர்க்கோ, இது ஒரு பரீட்சை. கடைக்காரரிடம் கூசாமல் கேட்கும் துணிவும், தன் நெஞ்சிடம் ஒளியாமல் கேட்கும் நேர்மையும் உடையோர் அப்பரீட்சையில் தேறுவர்.

பிள்ளைகள் இத்தகைய ஐயங்களோடு நம்மிடம் வரும்போது, கடிந்து வாயை மூடுதல் வேண்டா. கேட்கின்ற பிள்ளை இன்னும் நம் அறத்தினுள்ளேயே நிற்கின்றது. கேட்பதை நிறுத்திய பிள்ளையைத்தான் நாம் தேடிச் செல்ல வேண்டியிருக்கும். யசோதர காவியத்தை ஒருநாள் மாலை அவர்களை அருகிருத்திச் சொல்லுங்கள். மாவு எது, கோழி எது என்று அவர்களையே கேளுங்கள். விடையை அவர்கள் காணட்டும்.

எல்லா உயிரும் இன்புறுக, அறம் வளர்க.